முன்சக்கரத்துப் பிளாஸ்டிக்

போன வாரம் குன்னத்தில் மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் ஒன்று என் காரை உரசிவிட்டுப் போனது. ஆளுக்கு அடி இல்லை. பெயின்ட்டில் கீறல்கூட இல்லை. இடது முன்சக்கரத்துக்கு மேலே வளைந்து வரும் கருப்புப் பிளாஸ்டிக் மட்டும் பிய்ந்து, டயருக்கு அடியில் நொறுங்கிவிட்டது.

சின்னச் சாமான்தான். ஆனால் நான் வாடகைக்கு ஓட்டுகிறவன். ஏற வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். "அடிபட்ட வண்டியா?" என்று கேட்டுவிட்டு ஒருவர் வேறு காரில் போனார்.

நம் ஊர் ரோட்டுக்குத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கலான கார் வேண்டும் என்று வாங்கினேன். கிராஸ்ஓவர் என்கிறார்கள். சுற்றி ஓடும் அந்தப் பிளாஸ்டிக்கோடு சேர்ந்ததுதான் அதன் மிடுக்கு.

பெரம்பலூரில் அந்தப் பிளாஸ்டிக்கைத் தேடிக் கடை கடையாக ஏறினேன். "பாடி கிட்டாண்ணே? முழு செட்டாத்தான் வரும். உங்க மாடலுக்கு அதுவும் நின்னுபோச்சு." ஒரு துண்டு போனால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிற காலம்... என்ன செய்ய?

அரியலூரில் ஒரு மெக்கானிக் வழி சொன்னார். "மீன்சுருட்டியில கலியபெருமாள்னு ஒருத்தர். இதே வண்டி. வலது பக்கம் நசுங்கி, வூட்டுல தார்ப்பாய் போட்டு நிக்குது. கேட்டுப் பாருங்க."

போனேன். கலியபெருமாள் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். இடது பக்கம் புதுசு போல இருந்தது. எனக்கு வேண்டியதும் இருந்தது. ஆனால் தர மறுத்துவிட்டார்.

"வேணாம் தம்பி. ராசி இல்லாத வண்டி. இதுலேருந்து ஒண்ண கழட்டி மாட்டி, உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

"பிளாஸ்டிக்குக்கு என்ன ராசி? கேளுங்க தம்பி. இவரு மரத்துல கொண்டுபோயி வுட்டாரு. கை ஒடிஞ்சது எனக்கு. பயம் புடிச்சது இவருக்கு. அன்னையிலேருந்து காரும் இல்ல, பஸ்ஸும் இல்ல. ஊருக்குள்ள சைக்கிளுதான். பெரம்பலூர்ல மவ வூடு கட்டி பால் காய்ச்சுனா. பெத்த அப்பன் போகல. இப்ப அவ போன் பண்ணுறதுகூட இல்ல."

"ஒன்னைய யாரு கேட்டா இப்ப?" என்றார் அவர். குரலில் வலு இல்லை.

எனக்குப் பேச்சு குறைவு. வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். "மாட்டிக் குடுங்க ஐயா. சந்தேகமா இருந்தா ஜெயங்கொண்டம் வரைக்கும் கூட வந்து பாருங்க" என்றேன்.

வெகுநேரம் தன் வண்டியையே பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவர் எடுத்தார். அவரே கழற்றினார். அவரே மாட்டினார். என் பக்கத்து சீட்டில் ஏறி, மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். "மெதுவா..."

அந்தம்மா வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்தார். பட்டுச் சேலை. ஜெயங்கொண்டத்துக்கு எதற்குப் பட்டு? நான் கேட்கவில்லை.

ஜெயங்கொண்டத்தில் கலியபெருமாள் இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக்கை அழுத்திப் பார்த்தார். திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"கிளிப்பு ஒண்ணு லூசா இருக்காப்ல தெரியுது. அரியலூர் வரைக்கும் பாத்துருவோம்."

அரியலூரிலும் இறங்கினார். அழுத்தினார். கிளிப் நன்றாகத்தான் இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுபடி ஏறிக்கொண்டார்.

"நேரா போங்க தம்பி" என்றார் அந்தம்மா.

யோசித்துக்கொண்டே ஓட்டினேன். மனைவி சொல்லியும் ஏறாதவர். மகள் கோபித்தும் ஏறாதவர். முன்பின் தெரியாத ஒருவனுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று ஏறிவிட்டார். தன் பயத்தைவிட அடுத்தவனுக்காகப் படுகிற பயம் பெரிதாக இருந்திருக்கிறது. இது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பெரம்பலூர். புது வீடு. கார் சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள்.

"ஏன், சைக்கிள்லயே வந்திருக்கலாம்ல?"

பேச்சு அப்படியே அம்மா. கண் மட்டும் கலங்கியிருந்தது. கலியபெருமாள் செருப்பைக் கழற்றக் குனிந்தார், நிமிர நேரமானது.

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். போகவில்லை. அவர் அந்த வாசலை மிதிக்கிற நேரத்தில் வெளியாள் எதற்கு?