துகளுக்கும் பேர் உண்டு

என் மகள் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். போன மார்கழியில் அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. காலையில் பிறந்தது, பின்னேரம் போய்விட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பதாம் நாள் கழிந்துதான் பேர் வைப்போம். அதற்கு முன்னால் போகிற பிள்ளைக்குப் பேரும் இல்லை, சடங்கும் இல்லை. ஆம்பிளைகள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவோம். பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரி வார்டில் மகள் என் கையைப் பிடித்தாள்.

“அப்பா, நான் ஒரு பேரு வச்சிருக்கேன். குழியில வைக்கும்போது அதச் சொல்லி வைங்க.”

என் மனைவி விடவில்லை. “பேரு வச்சா அது போகாது. அடுத்ததையும் கூப்பிட்டுக்கும்.”

“சொல்லாட்டி அது வரவே இல்லன்னு ஆகிருமே அம்மா.”

“ஒரு பகல் இருந்துச்சு. அதுக்கு என்னாத்துக்குப் பேரு?”

மகள் வகுப்பில் சொல்வது போலச் சொன்னாள். அணுவை விடச் சின்னத் துகள்கள் இருக்கின்றனவாம். ஆவி அடைத்த பெட்டி ஒன்றை வைத்துத்தான் முன்பு பார்த்தார்களாம். துகள் போன வழியில் பனி மாதிரி வெள்ளைக் கோடு விழுமாம். ஒரு துகள் மட்டும் கோடே போடவில்லை. வெறும் இடத்தில் இருந்து இரண்டு கோடு கவட்டை மாதிரிப் பிரிந்து கிடந்தது. அதை வைத்து, அங்கே ஒன்று இருந்து அழிந்திருக்கிறது என்று கண்டுகொண்டார்களாம்.

“எவ்வளவு நேரம் இருக்கும் அது?” என்று கேட்டேன்.

“கண்ண மூடித் தொறக்கிற நேரத்தக் கோடியாப் பிரிச்சா அதுல ஒரு பங்குகூட இல்ல. அதுவே நெனச்சத விடக் கூட நேரம்னு விசித்திரத் துகள்னு சொன்னாங்க. அதுக்கெல்லாம் பேரு இருக்கு அப்பா.”

“அது தூசி. இது புள்ள,” என்றாள் மனைவி.

“அதத்தான் நானும் சொல்றேன்.”

மகள் அந்தப் பேரை என் காதில் சொன்னாள். குழியில் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்கள். மருமகனும் நானும் வேனில் புசல்லாவைக்கு, எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். என் மடியில்தான் இருந்தது. பாரமே இல்லை.

என் மச்சான் குழி வெட்டி வைத்திருந்தார். தூறல். மருமகனால் குழிக்குள் இறங்க முடியவில்லை. நான் இறங்கி வைத்தேன். முகத்துத் துணியைச் சரி செய்து, அந்தப் பேரைச் சொன்னேன்.

“யாரக் கூப்பிடுறீங்க மச்சான்?” என்று மச்சான் மேலே இருந்து கேட்டார்.

“புள்ளைய.”

அவர் தொப்பியைக் கழற்றினார். மண்ணைத் தள்ளினோம்.

ரோட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டேன்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போதுதான் அழுதாள். அழுது முடியும் வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மழையில் நின்றேன்.