ஆறரை மணி பி.காம்.

தி. நகரில் உள்ள அந்தக் கல்லூரியில் வஜீஹா முதலில் சேர்ந்தது வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளராக. கோடம்பாக்கத்தில் சினிமாக்காரர்களுக்கு உடை தைத்தவரின் மகள். குடுவை கழுவிக்கொண்டே மேற்படிப்பு முடித்து, அங்கேயே பேராசிரியரானார். 2022இல், ஐம்பத்தைந்தாவது வயதில், முதல்வரானார்.

முதல் வாரமே நிர்வாகக் குழு ஒரு கடிதம் அனுப்பியது. மாலைநேர பி.காம். வகுப்பில் அறுபது இடங்களுக்குப் பதினான்கு பேர்தான் இருக்கிறார்கள், மூடிவிடலாம் என்றது.

அலுவலக உதவியாளர் வடிவேலுவிடம் காரணம் கேட்டார் வஜீஹா.

"எப்டி மேடம் வருவாங்க? சுத்தி பூரா ஜவுளிக்கடை. சாயங்காலம்தான் அங்க கூட்டமே கீது. அந்த நேரத்துல வேலைக்கு நிக்கிற பொண்ணுங்கள வுடுவாங்களா?"

மறுநாள் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய கடைக்குப் போனார். புடவைப் பிரிவில் நின்ற ஷண்முகப்ரியா சாத்தூர்க்காரி. பிளஸ் டூவில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வாங்கியவள். "காலேஜ் போகலையாம்மா?" என்று கேட்டதும் கையிலிருந்த புடவையை மடிப்பதை நிறுத்தினாள்.

"கடை பத்து மணிக்குத்தான் மேடம் திறப்பாங்க. காலைல வெச்சா நான் வருவேன். எங்க ஹாஸ்டல்லயே எட்டுப் பேர் வருவோம்."

மாலை வகுப்பைக் காலை ஆறரைக்கு மாற்ற வஜீஹா முடிவு செய்தார். வணிகவியல் துறைத் தலைவர் தமிழ்மாறனுக்கு இது பிடிக்கவில்லை. "ஆறரை மணிக்கு எந்த வாத்தியார் மேடம் வருவார்?"

"முதல் பீரியட் நான் எடுக்கறேன் சார். பி.காம்.லயும் சுற்றுச்சூழல் பாடம் இருக்கே, அது எனக்கு வரும்."

கடை முதலாளி பொன்ராஜுக்கு வேறு கவலை. "படிச்சு முடிச்சா போயிருவாங்களே மேடம்?"

"போவாங்க அண்ணாச்சி. போறவரைக்கும் உங்க பில்லத் தப்பில்லாம போடுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். மழை கொட்டிய முதல் நாளில் பதினொரு பெண்கள் வந்தார்கள். மாதக் கடைசியில் முப்பத்தெட்டுப் பேர்.

ஆனால் முதல் பருவத் தேர்வையே வஜீஹா தீபாவளிக்கு முந்தைய வாரம் வைத்துவிட்டார். அந்த வாரம் கடைகள் காலை ஏழு மணிக்கே திறந்துவிட்டன, யாருக்கும் விடுப்பில்லை. ஒன்பது பேர்தான் எழுதினார்கள். நிர்வாகக் குழு மறுபடியும் மூடும் பேச்சை எடுத்தது.

திங்கட்கிழமை வகுப்பில் அவர் உட்காரவில்லை. "தேதி பார்க்காம வெச்சது நான். தப்பு என்னுது. டிசம்பர்ல திரும்ப எழுதலாம்" என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் நிற்பவர்கள் தங்களிடம் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

அன்று பிற்பகல் தமிழ்மாறன் முதல்வர் அறைக்கு வந்தார். "கடை திறக்கறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமைல நான் கிளாஸ் எடுக்கறேன் மேடம். அக்கவுண்டன்சில திணறுதுங்க."

டிசம்பரில் முப்பத்தாறு பேர் எழுதினார்கள். முப்பத்தொருவர் தேறினார்கள். அதற்குப் பிறகு நிர்வாகக் குழு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் பொன்ராஜிடமிருந்து போன் வந்தது. மருமகள் முத்துலட்சுமி கல்யாணத்தோடு படிப்பை விட்டவளாம். "அவளுக்கும் ஒரு சீட் கெடைக்குமா மேடம்? பரீட்சை நேரத்துல கல்லாவுல அவளுக்குப் பதிலா நான் உக்காந்துக்கிடுதேன்."

சென்ற ஆண்டு முதல் அணி பட்டம் வாங்கியது. ஷண்முகப்ரியா இப்போது அடையாறில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறாள், சி.ஏ.வுக்குப் படிக்கிறாள். காலை பி.காம். இரண்டு பிரிவாகிவிட்டது. வஜீஹா அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் காலை எம்.காம். தொடங்க அனுமதி கேட்டிருக்கிறார். கோப்பு நிர்வாகக் குழுவிடம் போயிருக்கிறது.