கெப்டனைக் கொன்ற இரண்டாம் பாகம்

கடையில் விற்கும் பட்டாளப் பொம்மைகளின் கதையை நடிகர்களை வைத்து எடுத்த சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் ஹட்டனுக்கு வந்தபோது, மனைவியைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். அவளுடைய தம்பி காய்ச்சலில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவாள், வருவாள், சமைப்பாள். வீட்டில் பேச்சே இல்லை. முதல் பாகத்தை மூன்று பேரும் சேர்ந்துதான் பார்த்திருந்தோம். அந்தப் படையின் கெப்டன் என்றால் தம்பிக்கு உயிர். கெப்டனை மறுபடி பார்த்தாலாவது அவள் வாய் திறப்பாள் என்று நினைத்தேன்.

படம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் கெப்டனைக் கொன்றுவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் பாகம் முழுக்க அந்த மனிதனைத் தூக்கிவைத்து ஆடிவிட்டு, இப்போது ஒரே குண்டில் கதையை முடித்துவிட்டார்கள். புதுக் கெப்டன் வந்தால்தானே புதுப் பொம்மை விற்கும்!

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பனிமலைப் பாதையில் லொறிகளைத் துரத்துகிற காட்சி அபாரம். நான் சிவனொளிபாத மலையடியில், நல்லதண்ணியில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஈரமான வளைவில் பின்சக்கரம் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். படம் எடுத்தவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் கதை? வில்லன் எதற்காக உலகத்தை அழிக்கிறான் என்று அவனுக்கே தெரியாது போலிருக்கிறது.

அதைவிடக் கொடுமை, அடுத்த காட்சியிலேயே கூட்டாளிகள் புது உடுப்பு மாட்டிக்கொண்டு ஜோக்கடித்துச் சிரிக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஒருவரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைநேரப் பெரட்டுக்குப் போய் நிற்க மாட்டார்கள். தோட்டத்து மேலாளர், துரையே வந்து கத்தினாலும் சரி. சாவு வீட்டார் கருமாதி முடியாமல் வேலைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இவர்களோ அந்த மனிதனைப் புதைத்தார்களா இல்லையா என்பதைக்கூடக் காட்டவில்லை.

தியேட்டரை விட்டு வந்து ஆட்டோவில் ஏறியும் என் வாய் ஓயவில்லை.

"மனுசனுங்களா இவனுங்க? செத்த மறுநாளே வேலைக்குக் கெளம்பிட்டானுங்க! கருமாதி வரைக்குமாச்சும் ஒக்கார வேணாமா?"

பின்னால் உட்கார்ந்திருந்த அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"எந் தம்பியப் பொதச்ச மறுநாளே நீங்களும் சீசன் ஓட்டத்துக்குப் போயிட்டீங்க. கருமாதி வரைக்கும் நான் மட்டுந்தான் ஒக்காந்திருந்தேன்."

உண்மைதான். மலை ஏறுகிறவர்கள் வந்து குவிகிற மாதம். ஓட்டத்தை விடக் கூடாது என்று போனேன். அன்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்கு மாதமாக அவள் யாரோடு பேசாமல் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.