டீச்சருக்குக் கேட்க வேண்டும்

20 நவம்பர் 2025, வியாழக்கிழமை, முற்பகல் 10.20 மணி
பாளையங்கோட்டை

1. செய்தி வந்த விதம்

மசூது பாயின் கடையில் வருகிற ஞாயிறன்று கூடவிருக்கும் நண்பர்களுக்கு,

சென்ற வியாழக்கிழமை, நவம்பர் 13, காலை ஏழு நாற்பதுக்கு என் கைபேசி ஒலித்தது. திரையில் மசூது பாயின் பெயர் இருந்தது. பேசியது அவர் மகன் ரபீக். "சார், வாப்பா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாங்க, எழும்பல" என்றார். மாலையில் அடக்கம் என்றும் சொன்னார். நான் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். தகப்பனை இழந்த ஒருவருக்குச் சொல்லும் பதில் அது அல்ல என்பது வைத்த பிறகுதான் உறைத்தது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் மனைவி எஸ்தர் செய்தி அறிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று எங்கள் வீட்டில் காலை உணவு இல்லை.

உங்களில் பலர் மசூது பாயை முப்பது ஆண்டுகளாக அறிந்தவர்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி, மேலப்பாளையத்தில் டிவியும் ஒலிபெருக்கியும் பழுது பார்க்கும் கடையை அவர் திறந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். நான் அவரை நன்றாக அறிந்தது மூன்று வார காலம். அந்த மூன்று வாரங்களைப் பற்றி, ஞாயிறன்று உங்கள் முன் வாசிக்க எழுதித் தரும்படி ரபீக் கேட்டார். அதில் நான் பகிரங்கமாகத் திரும்பப் பெற வேண்டிய சொல் ஒன்றும் இருக்கிறது. எனவே ஒப்புக்கொண்டேன்.

2. மே 18 முதல் மே 28 வரை

எங்கள் ஒரே மகள் ஷீபா அயர்லாந்தில் செவிலியர். 2024 ஜூன் 8, சனிக்கிழமை, அங்குள்ள தமிழ்ச் சபையில் அவளுக்குத் திருமணம். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் எஸ்தருக்கு இருதய சிகிச்சை நடந்திருந்தது. நெடுந்தூர விமானப் பயணம் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் செல்வதாக இல்லை. சபையார் ஆராதனையை இணையத்தில் நேரலையாக அனுப்புவார்கள். வீட்டு டிவியில் பார்க்கலாம். எஸ்தர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மற்றது எது தவறினாலும், ஷீபா திருமண உடன்படிக்கை சொல்வது மட்டும் தனக்குக் கேட்க வேண்டும் என்றாள்.

அவளுக்குக் காது மந்தம். காதுக்கருவி ஒன்றை வாங்கி அணிந்து பார்த்து, சமையலறைப் பாத்திரச் சத்தத்தைத் தாங்க முடியாமல் அலமாரியில் வைத்துவிட்டாள். அதனால்தான் ஷீபா ஒரு சவுண்ட்பாரை வாங்கி அனுப்பினாள். டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒலிபெருக்கி. நான் அதைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள், தூசு படாமல் வெல்வெட் துணி போர்த்தி வைத்தேன். பேச்சு முழுவதும் முணுமுணுப்பாக வந்தது.

மே 18 அன்று மசூது பாய் வந்தார். ஷோகேசைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "சார், இதுக்கு வாயையும் கட்டி, உள்ள போட்டுப் பூட்டியும் வச்சிட்டு, பேசு பேசுன்னா என்னத்தப் பேசும்?" என்றார். வெளியே எடுத்து, டிவிக்கு நேர் கீழே ஒரு மேசையின் விளிம்பில் வைத்தார். பிறகு டிவியின் அமைப்புகளுக்குள் போனார். படத்தை அனுப்புகிறவர்கள் ஆறு ஒலிபெருக்கிப் பெட்டி உள்ள வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அதில் பேச்செல்லாம் நடுப்பெட்டிக்குப் போகிறது, நம் வீட்டில் நடுப்பெட்டி என்பதே கிடையாது என்று விளக்கினார். ஸ்டீரியோ என்ற இடத்துக்கு மாற்றினார். பாட்டின் அதிர்வு அடங்கி, பேச்சு முன்னால் வந்தது.

அடுத்து அவர் பையிலிருந்து வயரை எடுத்தார். டிவி சுவரில் இருக்கிறது. அதற்கும் மேசைக்கும் நடுவே நான்கடி வெள்ளைச் சுவர். ஏப்ரல் 22 அன்றுதான் வண்ணம் பூசி முடித்திருந்தோம். வயர் தொங்கக் கூடாது, புளூடூத்தில் இணைத்தால் போதும் என்றேன். "வயருன்னா நல்லதுல்லா சார்" என்றார். மறுத்தேன். மீண்டும் ஒருமுறை சொன்னார். மீண்டும் மறுத்தேன். "சரி, உங்க வீடு" என்று இணைத்துவிட்டுப் போனார்.

மே 26, ஞாயிற்றுக்கிழமை, அதே சபையின் ஆராதனையை நேரலையில் வைத்து ஒத்திகை பார்த்தோம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. முடிந்ததும் எஸ்தரிடம் போதகர் என்ன பேசினார் என்று கேட்டேன். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை என்றாள். டிவியின் பழைய சத்தத்திலாவது பாதி புரிந்தது, இதில் அதுவும் போய்விட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திருமணத்துக்குப் பதின்மூன்று நாட்களே இருந்தன.

மறுநாள் நான் ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். குறைகள் ஏழு, வரிசை எண்ணிட்டு எழுதினேன். ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போய், கடையில் நான்கு பேர் இருக்கும்போதே கொடுத்தேன். தெரியாத வேலையை ஏன் ஒப்புக்கொள்கிறீர் என்றும் கேட்டேன். அந்த நால்வரில் ஓரிருவர் இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மசூது பாய் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

மே 28 அன்று வந்தார். சவுண்ட்பாரைத் தொடவே இல்லை. டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, எஸ்தரைப் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டார். செய்தி ஓடியது. பத்து நிமிடம் அவர் டிவியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிறகு சவுண்ட்பாரை அணைத்து, டிவியின் சொந்தச் சத்தத்தில் வைத்து, வாசிப்பவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லும்படி எஸ்தரிடம் கேட்டார். அவள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொன்னாள். அப்போது எழுந்து, சட்டைப்பையிலிருந்து என் புகார்க் கடிதத்தை எடுத்து, திரையில் அந்த மனிதரின் வாயை மறைத்துப் பிடித்தார்.

எஸ்தர் நிறுத்திவிட்டாள். அவளால் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

"ஏழும் நல்லாத்தான் எழுதியிருக்கிய சார்" என்றார். "எட்டாவது ஒண்ணு விட்டுப்போச்சு. டீச்சர் உதட்டப் பாத்துல்லா கேக்காவ. வயரில்லாம விட்டா சத்தம் ஒரு பொட்டு பிந்தி வருது. உங்களுக்கும் எனக்கும் அது தெரியாது. டீச்சருக்கு உதடு ஒண்ணு சொல்லுது, காது வேற ஒண்ணு சொல்லுது."

எவ்வளவு காலமாக இப்படி என்று நான் எஸ்தரைக் கேட்டேன். ஆறு வருடமாக என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க பேப்பருக்கு அந்தப் பக்கம் இருந்துல்லா பேசுவிய" என்றாள். "பதில் வரலைன்னா கோவம் வரும். காதும் போச்சு, கவனமும் போச்சும்பிய. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

வயர் எடுத்து வருகிறேன் என்று மசூது பாய் வெளியே போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்தார். வயர் அவர் பையிலேயே இருந்தது; போகும்போது பையை அவர் எடுத்துப்போகவில்லை. அந்த அரை மணி நேரத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை. திரும்பி வந்து, வெள்ளைச் சுவரின் நடுவே நான்கடிக் கறுப்பு வயரைப் போட்டார். எஸ்தர் போதகரின் பழைய பிரசங்கம் ஒன்றை முழுமையாகக் கேட்டாள்.

அன்று கடையில் நால்வர் முன்னால் நான் சொன்ன சொல்லை இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் திரும்பப் பெறுகிறேன். தெரியாத வேலையை ஒப்புக்கொண்டிருந்தவன் நான்தான்.

3. ஜூன் 8

நேரலை நம் நேரப்படி பிற்பகல் மூன்றரைக்கு. கூடத்தில் பதினான்கு பேர். படம் தெளிவு, சத்தம் தெளிவு. பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை வைக்கச் சொல்லுங்கள் என்று மசூது பாய் முன்பே சொல்லியிருந்தார். ஷீபா அவ்வாறே ஏற்பாடு செய்திருந்தாள். மூன்று நாற்பத்தொன்றுக்குப் படம் உறைந்தது. பின்பு அசைந்தது, மறுபடி உறைந்தது. வந்தவர்களின் கைபேசிகளையெல்லாம் வைபையிலிருந்து எடுக்கச் சொன்னார் மசூது பாய். எடுத்தார்கள். அப்போதும் திணறியது. படத்தின் தரத்தைக் குறைத்தால் ஓடும் என்றார் என் மைத்துனர்.

"குறைச்சா உதடு கலங்கிரும்" என்றார் மசூது பாய்.

எஸ்தர் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போதகர் மணமக்களை முன்னால் அழைத்துவிட்டார்.

மசூது பாய் பையைக் கவிழ்த்தார். அதில் இணையத்துக்கான பழைய நீள வயர் ஒன்று இருந்தது. இரண்டு முனையிலும் கவ்வும் நாக்கு ஒடிந்திருந்தது; சொருகினால் நிற்காது, நழுவி விழும். மாற்ற வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும். நேரம் இல்லை. கூடத்தின் குறுக்கே, ஆட்களின் கால்மாட்டில் வயரை இழுத்து, ஒரு முனையை டிவியில் சொருகி என் கையில் கொடுத்தார். "அமுக்கிப் பிடிங்க சார். கையை மட்டும் அசைக்காதிய" என்று சொல்லி, மறுமுனையோடு இணையப் பெட்டி இருக்கும் முன்னறைக்கு ஓடினார்.

நான் டிவியின் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டி நின்றேன். "அத்தான், கோர்ட்டுல முப்பத்தாறு வருஷம் இருந்தும் இப்படி கைகட்டி நின்னிருக்க மாட்டியளே" என்றார் மைத்துனர். யாரோ சிரித்தார்கள். அதட்டக்கூட எனக்குப் பயம், விரல் அசைந்துவிடுமே.

திரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது எஸ்தரின் முகம் மட்டும். ஷீபாவின் குரல் தடங்கலின்றி வந்தது. எஸ்தரின் உதடுகள் அசைந்தன. ஷீபா சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் முந்தாமல், பிந்தாமல், அவள் உதடுகள் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டே வந்தன. கடைசிச் சொல் வரை வந்தன. என் மகளின் உடன்படிக்கையை நான் பார்த்தது அங்கேதான்.

ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, முன்னறையிலிருந்து குரல் வந்தது: "முடிஞ்சிட்டா சார்? கையை எடுக்கலாமா?" நான் போய்ப் பார்த்தேன். இணையப் பெட்டி தாழ்வான அலமாரியின் பின்புறம் இருந்தது. வயரைப் பிடித்தபடி இருபத்தாறு நிமிடம் தரையில் மண்டியிட்டிருந்தார். கையைக் கொடுத்துத் தூக்கினேன். டீச்சருக்குக் கேட்டதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கேட்டது என்றேன். "அது போதும். கல்யாணத்தப் பாக்காதவன் இந்த வீட்டுல நீங்களும் நானுந்தான்" என்று சொல்லி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். நான் இப்போது எஸ்தரிடம் எதைச் சொல்வதென்றாலும் எழுந்து, நடந்து, அவளுக்கு எதிரே போய் நின்று சொல்கிறேன். அதற்குச் சில நொடிகள் பிடிக்கின்றன. அதற்குள், சொல்ல எழுந்தவற்றில் பாதி சொல்லத் தகாதவை என்று தெரிந்துவிடுகிறது. மீதியை அவள் தவறாமல் கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஞா. பொன்னையா
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சிரஸ்தார்

இத்துடன் இணைத்திருப்பவை:

(1) எங்கள் டிவிக்கான ஒலி அமைப்புகளை மசூது பாய் தம் கைப்பட எழுதித் தந்த தாளின் நகல். மூலம் என்னிடம் இருக்கிறது; தருவதற்கில்லை.

(2) ஜூன் 8 அன்று என் மைத்துனர் எடுத்த புகைப்படம் ஒன்று. அலமாரிக்குப் பின்னாலிருந்து மசூது பாயின் தோளும் ஒரு காலும் மட்டும் தெரியும்.

(3) ரபீக்கின் உம்மாவுக்கு எஸ்தர் எழுதிய கடிதம், ஒட்டிய உறையில். நான் படிக்கவில்லை. கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். அவர் கையில் கொடுத்தால் போதும்.