முழங்காலுக்குக் கீழே

திருவில்லிபுத்தூரில் வெயில் ஏறிவிட்டது. பயிரைக் காக்கத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டவர்களுக்கு இந்தப் போலீஸ் மைதானத்தில் மூன்று நாள் பயிற்சி; இன்று கடைசி நாள், சுடும் தேர்வு. சேத்தூர்ப் பக்கம் புதிதாகத் தோப்பு வாங்கிய மதுரைக்காரன் நான். எனக்கு அடுத்து நிற்பவர் மம்சாபுரத்து விவசாயி. அவருடைய கடலைக்காட்டை இரண்டு வருஷமாகக் காட்டுப்பன்றி கிளறிப் போடுகிறதாம்.

எதிரே பலகையில் ஆளுயர மனித உருவம் வரைந்து நிறுத்தியிருக்கிறார்கள். பன்றியைச் சுட வந்தவனுக்கு மனிதன் எதற்கு என்று விளங்கவில்லை. கேட்கப் பயமாகவும் இருக்கிறது. நெஞ்சைப் பார்த்துச் சுடுகிறேன். ஐந்தில் மூன்று படுகிறது.

விவசாயி சுட்ட ஐந்தும் முழங்காலுக்குக் கீழே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் துளைத்திருக்கின்றன.

"பெயில்," என்கிறார் ஏட்டு.

"பன்னி அம்புட்டு உசரந்தானய்யா இருக்கும்?"

"நெஞ்சுல பட்டாத்தான் பாஸ்."

சான்றிதழ் என் கையில் இருக்கிறது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா தெரியவில்லை. காட்டுப்பன்றியை நான் இதுவரை பார்த்ததே இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போடுகிறார்.

"அதனால என்ன சார். பன்னி வந்தா, செத்த நேரம் நிமிந்து நிக்கச் சொல்லிட்டுச் சுடுங்க."