முதலில் விளிம்பு

அன்று என் மகனின் மூச்சு நின்றுவிட்டதென்றே நினைத்தேன். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கும் அதன் பின்னால் செங்குத்தாக எழும் மண்மேட்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய சந்தில் எங்கள் சனம் முழுவதும் நெரிந்து நின்றது. கைக்குழந்தையான அவன் முகம் என் மார்புக்கும் முன்னால் நின்றவரின் முதுகுக்கும் நடுவே நசுங்கி நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அழக்கூட அவனுக்கு இடமில்லை.

கலவானை ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. காலையில் கடைத்தெருவில் ஊர்ச் சிங்களவரோடு மூண்ட கைகலப்பு, மத்தியானத்துக்குள் பொல்லுத்தடியும் கத்தியுமாக எங்கள் லயத்தைத் தேடி வந்துவிட்டது. முன்பக்கம் காம்பரா அறைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. கூரையிலிருந்து புகை இறங்கியது. இப்படி ஏதும் நடந்தால் எங்களுக்குத் தெரிந்த வழக்கம் ஒன்றுதான்: பின்சந்தில் கூடி, பிள்ளைகளை நடுவில் வைத்துப் பெரியவர்கள் சுற்றி நிற்பது. "புள்ளைங்கள நடுவுல தள்ளுங்க, நடுவுல!" என்று பெரியம்மா கத்திக்கொண்டே இருந்தார். எல்லாத் தாய்மாரும் நடுவுக்கே முண்டினோம். சந்தின் மறுமுனையில் தேயிலை மலைக்கு ஏறும் கான், அந்த மழைநீர் வாய்க்கால், வெறுமையாகத்தான் கிடந்தது. ஆனால் அங்கே நின்றவர்கள் ஏறவில்லை. தன் வீட்டு ஆட்கள் நடுவில் சிக்கியிருக்க, யாருக்குத்தான் கால் எழும்?

பெரியம்மாவின் மகன் அப்போது கெம்பஸில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணன் முறை. விடுமுறைக்கு வந்திருந்தவர், முந்தின நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில் தன் ஆராய்ச்சியைச் சொன்னார். கண்ணுக்கே தெரியாத உலோகத் துணுக்கு ஒன்றைக் கணினிக்குள் சூடாக்கிப் பார்க்கிறாராம்.

"உருகுறதுக்கு ரொம்ப முன்னாடியே மேல்பரப்பு அணுவெல்லாம் நகர ஆரம்பிச்சிரும், தங்கச்சி. தனியா இல்ல. ஒன்னு நகந்தா அதோட எடத்துக்கு அடுத்தது, அதுக்குப் பின்னால இன்னொன்னு, சரம் மாதிரி. கண்ணாடி ஆகப்போற திரவத்துலயும் இப்படித்தான். உள்ள இருக்குறது பாவம். சுத்தி ஆளு. கூண்டுக்குள்ள துடிச்சிக்கிட்டே கெடக்கும்."

"இதுக்குத்தான் கெம்பஸ்ல சோறு போடுறாங்களா?" என்றேன். அவர் கீரைத்தண்டை எடுத்து என் தலையில் எறிந்தார்.

அந்த அண்ணன்தான் இப்போது தாக்க வருபவர்களின் பக்கத்து முனையில், உடைந்த கதவுப் பலகையைப் பிடித்தபடி நின்றார். எங்கள் தலைகளுக்கு மேலாக அவர் குரல் வந்தது.

"கான் பக்கம் நிக்கிறவங்க ஏறுங்க! யாருக்காகவும் நிக்காதீங்க!"

"எம் பொண்டாட்டி உள்ள இருக்காடா!" என்று மாமா ஒருவர் அலறினார்.

"நீங்க நின்னா அவங்க மூச்சு முட்டியே செத்துருவாங்க, மாமா! நீங்க போனாத்தான் அவங்களுக்கு எடம்!"

மாமா அழுதுகொண்டே ஏறினார். அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர்ந்தார், அவர் இடத்துக்கு இன்னொருவர். என் மார்புக்கு முன்னால் ஒரு கையகல இடம் திறந்தது. மகன் வீறிட்டான்.

மேட்டில் ஏறியபின் திரும்பிப் பார்த்தேன். "சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அடிக்காதீர்கள்" என்று அண்ணன் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். முதல் அடி தோளில் விழுந்தது, பலகை நழுவியது. அடுத்தது தலையில். விழுந்தவரையும் அவர்கள் விடவில்லை. ஈரவிறகு பிளப்பதுபோன்ற அந்தச் சத்தம் மலைவரை கேட்டது. கடைசி ஆள் கானில் ஏறும்வரை அவர்கள் அவரைத் தாண்டி வரவில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அண்ணன் இறந்துவிட்டார்.

"நடுவுல நின்னிருந்தா எம் புள்ள இருந்திருப்பான்" என்பார் பெரியம்மா. இருந்திருக்கலாம். என் மகன் இருந்திருக்கமாட்டான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இந்த வருடத் தேருக்குப் போயிருந்தோம். கூட்டம் நெருக்கத் தொடங்கியதுமே, என்னை அறியாமல் அவனை வெளிப்பக்கம் இழுத்தேன். அதே நேரம் பெரியம்மா அவனுடைய மற்றக் கையைப் பற்றி உள்ளே இழுத்தார். இருவரும் விடவில்லை.

"ரெண்டு பேரும் விடுங்க" என்றான் அவன். "கை வலிக்குது."