அவள் பெயரைச் சொல்ல மாட்டேன்

ஆண்டவருடைய பிள்ளைகளே, தைரியமாக ஜெபித்தவர்களின் சாட்சிகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இது பயத்தில் வார்த்தை வராமல் ஜெபித்த ஒருத்தியின் சாட்சி. அன்றைக்கு இருந்த பயம் இன்றும் சில நாள் மாலை வேளைகளில் எனக்கு வரும்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊழிய ஐக்கியம் என்னையும் என் கணவரையும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமத்துக்கு அனுப்பியது. அங்கே விளைந்தது நெல்லும் வேர்க்கடலையும்தான். நாங்கள் நாகர்கோவில் பக்கம். நான் வாயைத் திறந்தாலே கிணற்றடியில் சிரிப்பார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேதானே போகிறோம் என்று வந்த எனக்கு, கத்தரிக்காய் வாங்கவே புதிதாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜனங்களோடு வாழ வேண்டும், அவர்கள் பேச்சைப் பேச வேண்டும், அவர்கள் தருவதைச் சாப்பிட வேண்டும் என்பது ஐக்கியத்தில் நாங்கள் எடுத்திருந்த தீர்மானம். ஒவ்வொரு ஆண்டும் எழுந்து நின்று அதைச் சொல்லுவோம்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மருமகள் இருந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவள் பெயர் அல்ல. அவள் கணவர் வெளியூரில் வேலையில் இருந்தார். மாமனார் ஊரில் பெரிய மனிதர். ஆடித் திருவிழாவில் முதல் மரியாதை அவர்களுக்குத்தான். மாமியாரோ என்னைக் கண்டால் குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்வார். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

ஒரு நாள் மத்தியானம் செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொல்லைப்பக்கமாக ஓடி வந்தாள். காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு. வாயில் நுரை. நான் குழந்தையின் தலையில் கை வைத்து ஜெபித்தேன். என் கணவர் சைக்கிளை எடுத்தார். செல்வியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். குழந்தை பிழைத்தது.

"அக்கா, ஜெபம் பண்ணது நமக்குள்ள இருக்கட்டும். எங்க மாமனாருக்குத் தெரிஞ்சா என்னை வூட்ல வெச்சுக்க மாட்டாரு" என்றாள். அதன் பிறகு எப்போதாவது வருவாள். "சும்மா ஒக்காந்துகினு போறேங்க்கா" என்பாள். நான் ஜெபிப்பேன், அவள் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான்.

எங்கள் ஊழியர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பணித்தளத்து ஜெபக் குறிப்புகளைப் பெயரோடு சொல்வார்கள். பெயரோடு சொன்னால்தான் பாரத்தோடு ஜெபிக்க முடியும் என்பார்கள். அப்படி ஒரு ஜெபத்தில் என் கணவரும் செல்வியின் உண்மைப் பெயரைச் சொல்லி, அவளுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த அறையில், மறுநாள் கன்வென்ஷன் பொதுக்கூட்டத்தில் பேச வந்திருந்த வெளியூர்ச் சகோதரர் ஒருவரும் இருந்தார்.

மறுநாள் பகல் கூட்டம் ஸ்ரீபெரும்புதூரில், சாலையோர மைதானத்தில். புளியமரங்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் பின்னால் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சகோதரர் மைக்கில் எங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். அவள் பெயரைச் சொன்னார். "பெரிய வீட்டு மருமகள்! குலதெய்வத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஆண்டவரை ஏற்றுக்கொண்டாள்!" என்று முழங்கினார். ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள்.

அவள் எதையும் எறியவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனவள்.

எதிர்ப்பக்கம் டீக்கடையில் அவளுடைய கொழுந்தன் நின்றிருந்தான். பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறினான். ஓடிப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. கூட்டம் முடியும் வரை நிற்காமல் கிளம்பிவிட்டோம்.

ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் செல்வியின் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"எங்க என் மருமவ? எங்க மறைச்சு வெச்சுகினு கீறீங்க?" என்று மாமனார் கத்தினார்.

எங்களுக்குத் தெரியாது என்றார் என் கணவர். யாரும் நம்பவில்லை. உள்ளே புகுந்து தேடினார்கள். அரிசிப் பானை உருண்டது. அவள் எங்கேயும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு கிழவர் மெல்ல, "ஏரிப்பக்கம் பாருங்கடா" என்றார். ஐப்பசி மழையில் ஏரி கரை தொட்டு நின்ற சமயம். இளவட்டங்கள் கரைமேல் ஓடினார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் தண்ணீர்ப்பக்கம் இருந்து கேட்டது. மத்தியானம் குழாயில் கேட்ட அதே பெயர்.

குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் வேறு எங்கே போவாள்? நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மனப்பாடமாகத் தெரிந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, அவ உயிரோட இருந்தாப் போதும். அவளுக்காகப் பேச ஒரு ஆளை எழுப்பும்" என்று இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நகரத்திலிருந்து எங்கள் தலைவர் வரமாட்டாரா, போலீஸ்காரர் யாராவது வரமாட்டாரா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் யாரும் வரவில்லை.

வயல்பக்கமிருந்து செல்வியின் மாமியார் வந்தார். கால் முழுக்கச் சேறு. என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏரியில இன்னாத்துக்குடா தேடுறீங்க? பம்புசெட் ரூம்ல கீறா. நான்தான் உள்ள வெச்சுப் பூட்டிட்டு வாசல்ல குந்திகினு இருந்தேன். உங்க கோவம் தணியட்டும்னு" என்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

அவர் கணவர் கையை ஓங்கிக்கொண்டு போனார். அந்த அம்மாள் நகரவில்லை. "கொழந்த வாயில நொர தள்ளிச்சே, அப்ப எவன் வந்தீங்க? நான்தான் சொன்னேன், அந்தப் பொண்ணு வூட்டுக்குத் தூக்கிகினு ஓடுன்னு. அப்பப்ப போய் ஒக்காந்துட்டு வாடின்னு அனுப்பினதும் நான்தான். அவளை வூட்ல வெச்சுக்க மாட்டேன்னா நானும் போறேன். ஒனக்கு மரியாத ஆடி மாசம் ஒருநாளு. சோறு தெனமும் வோணும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமனாரின் கை இறங்கியது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

ஆனால் அந்த அம்மாள் எங்களை விட்டுவிடவில்லை. என் கணவரைப் பார்த்து, "ஏம்பா, நாங்க ஒன்னாண்ட வந்தது ஊருக்குத் தெரியாம. நீ மைக்கு போட்டு சொல்ல வெச்சிட்டியே. எங்க வூட்டு சேதியை நாங்கல்ல சொல்லணும்?" என்று கேட்டார். என் கணவர் எல்லோர் முன்பாகவும் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் அவர் கன்வென்ஷன் மேடைக்குப் போனார். அதே மைக்கில், "நேற்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னது நடந்ததல்ல. ஒரு குழந்தை பிழைத்தது மட்டும் உண்மை" என்றார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. என் கணவர் மேடையிலிருந்து இறங்கியபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அதற்கடுத்த ஊழியர் கூட்டத்தில் எங்கள் தீர்மானங்களோடு ஒன்று சேர்ந்தது. ஒருவர் முன்பாகச் சொல்ல முடியாததை அவர் இல்லாத இடத்தில் சாட்சியாகக்கூடச் சொல்ல மாட்டோம் என்பது. மனந்திரும்பியவர்கள் என்று நாங்கள் காட்டும் எண்ணிக்கை குறைந்துபோகும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். குறையட்டும் என்றோம். அந்த ஊரில் எங்கள் கொல்லைக்கதவு அதற்குப் பிறகுதான் அதிகமாகத் தட்டப்பட்டது. மாமியாரும் தட்டினார். எதற்காக என்று கேட்காதீர்கள்.

இப்போது பயத்தில் ஜெபிக்க வாய் வராமல் சுவரோடு சாய்ந்திருக்கிறவர்கள் யாராவது உங்களில் இருக்கலாம். ஒரு வரி போதும், ஆண்டவரிடம் சொல்லுங்கள். அனுப்பும் ஆள் யார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். எனக்கு அவர் அனுப்பியது, நான் யாரைக் கண்டு பயந்தேனோ அந்த அம்மாளை.

இதை எழுதுவதற்கு முன் செல்வியிடம் போய் அனுமதி கேட்டேன். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறது. "எழுதுக்கா. பேரு மட்டும் போடாத" என்றாள். அப்படியானால் அவள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டாளா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது அவள் வாயால் சொல்ல வேண்டிய சாட்சி.